பந்து இல்லாத பக்கம்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம். பல்லி என்றால் பயம், லிஃப்ட் என்றால் பயம், மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரப் பயம். மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் செமோரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருக்கிறது. முன்பு ரப்பர், இப்போது செம்பனை. அதற்குள் பட்டப்பகலில் கால் வைக்கக்கூட எனக்குப் பயம். கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நாள் முழுக்கக் கெட்டதை எதிர்பார்த்தே உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலை எனக்கு நன்றாகவே வந்தது.

இத்தனைக்கும் மேலே நான் ஒரு மனுஷிக்குப் பயந்தேன். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை, அக்கா என்றே சொல்கிறேன். ஈப்போ ஹாக்கித் திடலில் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் சிசிடிவி. அவர் காதுபட யாரும் சொன்னதில்லை, ஆனால் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவருக்குத் தெரியாமல் அந்தத் திடலில் ஒரு பிள்ளை மூக்கைச் சொறிய முடியாது.

ஒரு காலத்தில் மாநிலத்துக்கு ஆடியவர். நான் பார்த்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். தடித்த உடம்பு, ஆண்பிள்ளைபோல வெட்டிய நரைமுடி, கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. வாரநாளில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. சனி, ஞாயிறு வந்தால் ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூலோடு திடலுக்கு வந்துவிடுவார். மாவட்டப் பெண்கள் லீக்கில் ஒரு குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுப்பவரும், யார் எங்கே ஆடுவது என்று சொல்பவரும் அவர்தான்.

அவர் ஸ்டூலைப் போடும் விதமே ஒரு வேடிக்கை. பந்து வலது மூலையில் இருக்கும். பிள்ளைகள் எல்லாம் அங்கே குவிந்து மட்டையோடு மட்டை மோதிக்கொண்டிருக்கும். பெற்றோர்கள் நாங்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்போம். அக்கா மட்டும் ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இடது பக்கத்தைப் பார்ப்பார். அங்கே ஒரு பிள்ளை ஒன்றும் செய்யாமல் நின்றுகொண்டிருக்கும். பந்து இடது பக்கம் போனால் ஸ்டூல் வலது பக்கம் திரும்பும்.

“என்னாக்கா, கோல் போட்டத பாக்கலியா?” என்று யாரோ ஒருநாள் கேட்டார்கள்.

“பந்தத்தான் பாடாங்கே பாக்குதுலா. நான் ஒருத்தி பாக்காட்டி என்ன கொறஞ்சு போச்சு?”

பாடாங் என்றால் திடல். மொத்தத் திடலும் ஒரு பக்கம் பார்க்க, அவர் ஒருவர் மறுபக்கம் பார்ப்பார். பந்து மட்டையில் இல்லாதபோது ஒரு பிள்ளை எங்கே நிற்கிறது, யாரைப் பார்க்கிறது, எந்த இடைவெளியை அடைக்கிறது, எப்போது சோம்பேறியாகிறது, இதுதான் அவருக்கு வேண்டியது. ஒவ்வொரு ஆட்டத்திலும் கோல் அடிக்கும் ஒரு பிள்ளை இருந்தது. ஊரே அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அக்கா அதைப் பற்றிச் சொன்னது இவ்வளவுதான்: “பந்து வந்தா ராணி. பந்து போயிட்டா, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்குது.” அந்தப் பிள்ளையின் அம்மா அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை.

என் மகள் தர்ஷினியை அவர் எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் எல்லாப் பிள்ளைகளையும் கலந்து ஆடவிடுவார்கள். பிறகு நான்கு குழுக்களின் தேர்வாளர்களும் மாமாக் கடை என்று சொல்லும் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் மாடியறையில் உட்கார்ந்து, சீட்டுக் குலுக்கிப்போட்டு, முறை வைத்து ஆளுக்கொரு பிள்ளையாக எடுப்பார்கள். நல்ல ஆட்டக்காரியெல்லாம் ஒரே குழுவுக்குப் போய்விடக்கூடாது என்று இந்த ஏற்பாடு. பெற்றோர்கள் கீழே தே தாரேக், அதாவது நுரைக்க ஆற்றிய பால் தேநீர், குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் யாரும் குடிக்க மாட்டோம். எல்லாரும் மாடிப்படியில் ஒருவர்மேல் ஒருவர் ஏறி நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்போம். கடைக்கார பாய் “படி ஒடஞ்சா யாரு கட்டிக் குடுக்கிறது?” என்று சத்தம் போடுவார்.

முதல் சீட்டு அக்காவுக்கு விழுந்தது. கோல் அடிக்கும் பிள்ளையின் பெயர்தான் வரும் என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அக்கா என் மகளின் பெயரைச் சொன்னார்.

மாடியில் யாரோ சிரித்தார்கள். “அந்தப் பிள்ள காலையிலேருந்து பந்தையே தொடலியேக்கா?”

“தொடலதான். அவ நின்ன பக்கம் பந்து வரவே இல்ல. ஏன் வரலன்னு யாராச்சும் யோசிச்சீங்களா?”

அவரே சொன்னார். தர்ஷினி ஆடிய பக்கத்து இடது தடுப்பாட்டக்காரி தன்னை மறந்து முன்னால் ஓடிவிட்டாள். அவள் விட்டுப்போன இடம் வாசல்போலத் திறந்து கிடந்தது. தர்ஷினி யாரும் சொல்லாமல் நகர்ந்துபோய் அதை அடைத்து நின்றாள். எதிரணிப் பிள்ளை அங்கே பந்தைத் தள்ளத் தலையை நிமிர்த்தினாள், தர்ஷினியைப் பார்த்தாள், வேறு பக்கம் தள்ளிவிட்டாள்.

“அங்க ஒரு கோல் விழ இருந்துச்சு. விழல. விழாத கோலுக்கு யாரு கை தட்டுவா?”

படியில் நின்ற எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் மகளை இத்தனை உன்னிப்பாக யாரும் பார்த்ததில்லை, நான் உட்பட. அக்கா படியிறங்கி வந்தார். “நீதான் அம்மாவா? ஒம்பொண்ணுதான் ஷார்ட் கார்னர்ல மொத ரன்னர்” என்றார். அது ஏதோ பெரிய மரியாதை என்று நினைத்து, கைகூப்பி நன்றி சொன்னேன். சிரிக்க வேறு செய்தேன்.

காரில் வரும்போது என் வீட்டுக்காரர் விளக்கினார். அவர் லோரி ஓட்டுகிறவர், ஹாக்கிப் பைத்தியம். எதிரணிக்கு ஷார்ட் கார்னர் கிடைத்தால் நம் பிள்ளைகள் ஒரு சிலர் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். எதிரணியினர் கோட்டிலிருந்து பந்தை வெளியே தள்ளுவார்கள். அங்கே ஒருத்தி அதை நிறுத்துவாள். அவர்களிலேயே பலசாலியான ஒருத்தி அதை மட்டையால் இழுத்துக் கோலை நோக்கி வீசுவாள். பந்து தள்ளப்பட்ட கணமே நம் முதல் ரன்னர் அந்த வீசுகிறவளை நோக்கி நேராக ஓட வேண்டும்.

“எதுக்கு ஓடணும்?”

“வழிய மறைக்கத்தான்.”

“எத வெச்சு மறைக்கிறது?”

அவர் கியரை மாற்றினார். “முகமூடி இருக்கு, முட்டிக் கவசம் இருக்கு, கையுறை இருக்கு. நீ ஒண்ணும் தாக்குட் ஆவாதே.”

தாக்குட் ஆகாதே, பயப்படாதே என்று ஒருவர் சொன்னால்தான் எனக்கு உண்மையான பயம் தொடங்கும். முகமூடி எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றார். அன்று மாலை கைப்பேசியில் ஒரு காட்சியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பந்து கல்போல முகத்துக்கு நேரே வருகிறது. ஒரு பெண் அதை நோக்கி ஓடுகிறாள். நான் பாதியிலேயே கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். சோறு இறங்கவில்லை. தர்ஷினி என் தட்டிலிருந்த மீனையும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, “மா, என்னைய மொத ஆளா எடுத்தாங்கமா, மொத ஆளா!” என்று வீடு முழுக்கக் குதித்தாள்.

அதன் பிறகு அக்கா வரும் பக்கத்தை விட்டே நான் ஒதுங்கிப்போக ஆரம்பித்தேன். ஈப்போவில் ஒரு கல்யாண மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் மாட்டிக்கொண்டோம். எல்லாரும் மேடையில் தாலி கட்டுவதைப் பார்க்க, அவர் பந்தி நடக்கும் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “பாரு, சாம்பார் வாளிக்காரன் எல்லாம் எடது பக்கமே ஓடுறான். வலது பக்கம் காலி. இன்னும் கொஞ்ச நேரத்துல அங்க சண்ட வரும்.” சொல்லி வைத்ததுபோல மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் எழுந்து கத்தினார். நான் சிரித்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீ எங்க போனாலும் கதவோரமா ஒக்கார்ற. என்னாத்துக்கு?” என் சிரிப்பு போய்விட்டது. நான் எப்போதும் வெளியே போகும் வழிக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். என் வீட்டுக்காரருக்கே அது தெரியாது.

லீக் போகப்போக தர்ஷினி நன்றாக ஆடினாள் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. ஷார்ட் கார்னர் விசில் ஊதியதும் நான் தலையைக் குனிந்து செருப்பைப் பார்ப்பேன். சத்தம் கேட்டு முடிந்த பிறகுதான் நிமிர்வேன். கோலா கங்சாரில் நடக்கும் கடைசி ஆட்டத்துக்கு மாநிலத் தேர்வாளர்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. அதில் நன்றாக ஆடினால் தர்ஷினி மாநிலக் குழுவுக்குப் போவாள். போனால் இதைவிடப் பலமாக வீசுகிற பெண்களுக்கு எதிரே ஓடுவாள். அதையே நினைத்துக்கொண்டு தொழிற்சாலையில் ஓட்டைக் கையுறைகளை நல்லதில் போட்டு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், யாரிடமும் சொல்லாமல், பஸ் பிடித்து லகாட்டில் இருந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் கூடத்தில் பேப்பரை விரித்துப்போட்டு நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

“உள்ள வாலா. அங்கயே நிக்காதே.”

வாசற்படியை விட்டு நான் நகரவில்லை. “அக்கா, தர்ஷினிய வேற எடத்துல போடுங்க. பின்னால நிக்கட்டும். ஓட வேணாம்.”

“வேற எடத்துல போட்டா மாநிலத்துக்கு எடுக்க மாட்டாங்க. பின்னால நிக்க அவங்ககிட்ட ஆளு இருக்கு.”

“எடுக்காட்டி போவட்டும்.”

“அத அவகிட்ட சொன்னியா?”

“இல்ல.”

“அவ தாக்குட்னு ஒங்கிட்ட சொன்னாளா?”

“இல்ல.”

“அப்ப இது யாரு பயம்?”

எனக்கு அழுகை வந்தது. அவர் நெத்திலியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். “கேட்டுக்கோ. ஓடி வந்து பாதியில தயங்கி நிக்கிறவளுக்குத்தான் பெரிய அடி. தயங்காம ஓடுறவ, பந்து மேல கெளம்புறதுக்குள்ள கிட்ட போயிடுவா. ஒம்பொண்ணு தயங்க மாட்டா. கோடு போட்ட மாதிரி ஓடுவா. இதுக்கு முன்னால ஒரே ஒரு பிள்ள அப்படி ஓடி நான் பாத்திருக்கேன்.”

“அந்தப் பிள்ள எங்கக்கா ஆடுது இப்ப?”

கிள்ளிக்கொண்டிருந்த விரல் நின்றது. அவர் எழுந்து உள்ளே போய், ஒரு பையில் நெத்திலியைப் போட்டு என் கையில் கொடுத்து, “பஸ்ஸுக்கு நேரமாச்சு பாரு” என்றார். மகளுக்காகக் கெஞ்சப் போனவள் நெத்திலியோடு திரும்பி வந்தேன்.

கோலா கங்சார் ஆட்டத்துக்கு நான் தனியாகத்தான் போனேன். என் வீட்டுக்காரர் அன்று லோரியோடு பட்டர்வொர்த் போயிருந்தார். கடைசி ஆட்டம் என்பதால் குழுக்களின் தேர்வாளர்களையும் பெற்றோர்களோடு சிமெண்டுப் படிக்கட்டில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எதிரணியில் ஒரு பெண் இருந்தாள். நெடுநெடுவென்று உயரம், தோள் மட்டும் என் வீட்டுக்காரருக்கு இருப்பதைப்போல. அவள்தான் வீசுகிறவள் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். முதல் ஷார்ட் கார்னருக்கு விசில் ஊதியது. வழக்கம்போலக் குனிந்தேன். குனிந்த என் கண்ணுக்கு அக்காவின் கை தெரிந்தது. பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டது, பந்து வெளியே போனது, கூட்டம் கைதட்டியது. கை பையிலிருந்து ஒன்றும் எடுக்காமல் வெளியே வந்தது. இரண்டாவது தடவையும் விசில் ஊதியது. இந்த முறை அவர் கழுத்தை முழுவதும் திருப்பி, எதிர்க் கோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கோழையை இன்னொரு கோழை கண்டுபிடித்துவிடுவாள்.

“அக்கா, என்னா பாக்குறீங்க?”

“அந்தப் பக்கம் எப்படி நிக்கிறாங்கன்னு பாக்குறேன்.”

“அங்க கோல் கீப்பர் மட்டும்தான் இருக்கு. தண்ணி குடிக்குது.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு, எனக்குச் சொல்வதைப்போல இல்லாமல், மெதுவாகச் சொன்னார்.

“ரொம்ப வருசம் ஆச்சு. அப்ப முகமூடியெல்லாம் கெடையாது. எஸ்டேட்டுப் பிள்ள. நான்தான் பொறுக்கி எடுத்தேன், நான்தான் மொத ரன்னரா நிறுத்துனேன். கோடு போட்ட மாதிரி ஓடுனா. ஒரு கண்ணு போயிடுச்சு.”

அவர் துண்டை மடியில் போட்டு மடித்தார்.

“இப்ப செரம்பான்ல இருக்கா. கல்யாணம் ஆயி பிள்ளைங்க இருக்கு. தீபாவளிக்குத் தீபாவளி போன் பண்ணுவா. என்னைய ஒரு வார்த்த திட்டுனதில்ல. திட்டியிருந்தா ஒருவேள நானும் மத்தவங்க மாதிரி பந்தப் பாத்திருப்பேன்.”

ஊரே வியந்த வித்தை இதுதான். பந்தைப் பார்க்க முடியாத ஒருத்தி, பார்ப்பதற்கு மிச்சம் இருந்ததையெல்லாம் பார்த்துப் பழகியிருக்கிறார். அதில் அவர் கெட்டிக்காரியாகவும் ஆகிவிட்டார், அதையும் மறுக்க முடியாது. ஆனால் அன்று எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு பிள்ளையின் கண் போனதைப் பார்த்த பிறகும் என் பிள்ளையை அதே இடத்தில் நிறுத்தினாயே பாவி என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவும் திரும்பினேன்.

மறுபடியும் விசில். ஆட்டம் முடியப்போகிற நேரம். மூன்றாவது ஷார்ட் கார்னர்.

அக்காவின் கை என் கையைப் பிடித்தது. ஈரமாக இருந்தது. “என்னால முடியாது. நீ பாரு” என்றார். “பாத்து எனக்குச் சொல்லு.”

“நானும் பாக்க மாட்டேங்கா.”

“ரெண்டு பேருமே பாக்காட்டி அவள யாருலா பாக்குறது?”

சுற்றிலும் அத்தனை பேர் இருந்தார்கள். ஆனால் அவர்கள் பந்தைத்தான் பார்ப்பார்கள். அதைச் சொல்லித்தந்ததே இந்த அக்காதான். நான் தலையை நிமிர்த்தினேன். கழுத்து வலித்தது. கோட்டுக்குப் பின்னால் முகமூடி போட்டுக்கொண்டு, மட்டையைத் தரையில் ஊன்றி, முன்னால் சாய்ந்து நின்றாள் என் மகள். முகம் தெரியவில்லை. அது அவள்தானா என்றுகூட ஒரு கணம் சந்தேகமாக இருந்தது.

பந்து தள்ளப்பட்டது.

“ஓடுறாக்கா.”

“நேராவா?”

“நேரா.”

அந்த உயரமான பெண் குனிந்து பந்தை இழுத்தாள். ஒரு சத்தம். தர்ஷினி சுருண்டு பச்சைத் தரையில் விழுந்தாள். படிக்கட்டு முழுக்க ஐயோ என்றது.

“என்னாச்சு? ஏய், என்னாச்சு? சொல்லுலா!” அக்காவின் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது. அவர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணை எடுத்தால் அவள் அப்படியே கிடந்துவிடுவாள் என்று தோன்றியது. முதலில் ஒரு கை அசைந்தது. பிறகு முட்டி மடங்கியது. மட்டையை ஊன்றி, ஒரு காலைத் தூக்கியபடி, தர்ஷினி எழுந்தாள்.

“எந்திரிச்சிட்டா. எந்திரிச்சிட்டாக்கா. கால்லதான் பட்டிருக்கு. கவசத்துல.”

“முட்டிக்கு மேலயா, கீழயா?”

“கீழ.”

அவர் பெருமூச்சு விடுவார் என்று எதிர்பார்த்தேன். விடவில்லை. நடுவர் இரண்டு கையையும் எங்கள் கோலை நோக்கி நீட்டினார்.

“முட்டிக்குக் கீழ பட்டா மறுபடியும் கார்னர்” என்றார் அக்கா.

தர்ஷினி நொண்டிக்கொண்டே கோட்டுக்குப் பின்னால் போனாள். யாரோ கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். முகமூடியைச் சரிசெய்தாள். எங்கள் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

“எங்க நிக்கிறா?”

“அதே எடத்துல.”

“கண்ண மூடிறாதே” என்றார் அக்கா, தன் கண்ணைத் திறக்காமலே.

“மூடலக்கா” என்றேன்.